கேஸை வாபஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

“மேடம், நான் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வந்திருக்கேன்” என்று மகளிர் காவல் நிலையத்தில் போய் நின்றேன். கையில் வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு கடிதம். ரைட்டர் அதை வாங்கிப் படித்தார், மேஜை ஓரத்தில் வைத்தார். “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சேம்மா. இனிமே நீங்க எழுதிக் குடுத்தா மட்டும் முடியாது. இது இப்ப அரசு தரப்பு கேஸ்” என்றார். கணவர் ஜாமீனில் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. குற்றப் பத்திரிகை இன்னும் போடவில்லை. அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் சொந்தக்காரர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

முடியவில்லை. முடிய நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதங்களில் தெரிந்துகொண்டதை, அதே மேஜைக்கு முன்னால் போய் நிற்கப்போகிற பெண்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தவைதான் இதில் வரும் சட்ட விவரங்கள். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. சீட்டுப் பணத்தை நான் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லிக் கணவர் குடிபோதையில் கையை முறுக்கிக் கதவில் தள்ளினார். இரண்டு கண்ணாடி வளையல் உடைந்து இடது மணிக்கட்டில் ஏறிவிட்டது. அரசு மருத்துவமனையில் மூன்று தையல் போட்டார்கள். “எப்படிம்மா ஆச்சு?” என்று டாக்டர் கேட்டார். “வீட்டுக்காரர் தள்ளிவிட்டார்” என்றேன். அதை ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகலில், எழுதிக்கொண்டார். மறுநாள் புகார் கொடுக்கப் போனபோது, மனு எழுதித் தருகிற ஒருவரிடம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதி முடித்து நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. மாமியாரும் நாத்தனாரும் பத்துப் பவுன் கேட்டுக் கொடுமைப்படுத்தியதாக அதில் நான்கு வரி இருந்தது எனக்கு எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. என் மாமியார் ஒரு குண்டுமணித் தங்கம்கூட என்னிடம் கேட்டதில்லை. “இப்படி எழுதினாத்தாம்மா கேஸ் நிக்கும்” என்றார் அந்த மனு எழுதுகிறவர், பிறகு போய்க் கேட்டபோது.

ஆக, என் புகாரில் உண்மையும் இருந்தது, பொய்யும் இருந்தது. வாபஸ் வாங்க நினைக்கிற பல பேருடைய நிலைமை இதுதான் என்பதை அப்புறம் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து பேசியபோது தெரிந்துகொண்டேன்.

முதலில் கையில் இருக்கிற காகிதத்தைப் பாருங்கள்

ஸ்டேஷனில் உங்களுக்குக் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா? சி.எஸ்.ஆர். என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்கிற அளவுதான். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. கணவன் மனைவி விவகாரத்தில் வழக்குப் பதியும் முன் ஆரம்பக்கட்ட விசாரணை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் லலிதா குமாரி தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு முடிப்பது நடக்கும். நீங்கள் இந்தக் கட்டத்தில் இருந்தால் கீழே நான் எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

எஃப்.ஐ.ஆர். என்றால் கதை வேறு. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்கியிருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் குற்ற எண்ணும் பிரிவுகளும் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டதால், பழைய ஐ.பி.சி. எண்களைச் சொல்லிக் குழப்புகிறவர்கள் நிறைய. 498ஏ என்று ஊரே சொல்கிற கணவன் கொடுமைப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. அடித்துக் காயப்படுத்தியதற்கு 115(2). மிரட்டலுக்கு 351(2). ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி). என் வழக்கில் இவற்றோடு வரதட்சணைத் தடைச் சட்டம் பிரிவு 4-உம் இருந்தது. அந்த நான்கு வரியால் வந்தது அது.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம், சிலவற்றை முடியாது. 115(2) மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று சமரசம் என்று சொல்லி முடித்துவிடலாம். 85 இருந்தால் முடியாது. வரதட்சணைத் தடைச் சட்டமும் அப்படித்தான். “லோக் அதாலத்தில் போட்டு முடிச்சிடலாம்” என்று என் தம்பியிடம் ஒருவர் சொன்னார். சமரசத்துக்கு உட்படாத குற்றத்தை லோக் அதாலத் எடுக்கவே முடியாது. இரண்டு நாள் கூலியைப் போட்டு அலைந்த பிறகு தெரிந்தது.

சரி, 85 போட்டாகிவிட்டது, குற்றப் பத்திரிகை இன்னும் வரவில்லை. இப்போது இரண்டே வழிதான். ஒன்று, விசாரணை அதிகாரியே ஆதாரம் போதவில்லை என்று முடிவுக்கு வந்து வழக்கை முடித்து அறிக்கை போடுவது. இன்னொன்று, உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்வது. குவாஷ் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

அந்த டைப் அடித்த தாள்

வழிகளைச் சொல்வதற்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் கணவருடைய தாய்மாமன் வந்தார். பிளாஸ்டிக் கவரில் ஒரு இருபது ரூபாய் பத்திரம். ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. “இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா, மிச்சத்தை வக்கீல் பார்த்துக்குவாரு” என்றார். தையல் மெஷின் பலகையின் மேலேயே வைத்துப் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். இந்த முறை படித்தேன். “கோபத்தில் தவறாகப் புகார் கொடுத்துவிட்டேன். என் கணவர் என்னை அடிக்கவில்லை. நானே தவறி விழுந்ததில் காயம் ஏற்பட்டது” என்று இருந்தது.

மணிக்கட்டில் தையல் பிரித்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போடவில்லை. “நாளைக்குச் சொல்றேன் பெரியப்பா” என்று சொல்லித் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. ஆதார் நகல், எஃப்.ஐ.ஆர். நகல், ஒரு மனு, அவ்வளவுதான் கேட்டார்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். எனக்கு ஒதுக்கிய வக்கீலம்மா என்னைவிடச் சின்னப் பெண். அந்தத் தாளைக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து “அடிக்கவில்லை” என்ற வரியின் குறுக்கே கோடு போட்டார். “தவறி விழுந்ததில்” என்பதன் மேலும் கோடு. ஓரத்தில், “வழக்கைத் தொடர எனக்கு விருப்பம் இல்லை” என்று ஒரே ஒரு வரி எழுதினார்.

“அக்கா, இந்த ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க” என்றார். “தொடர விருப்பம் இல்லைன்னு சொல்றது உங்க உரிமை. நடந்ததை நடக்கலைன்னு எழுதிக் குடுத்தா, முதல்ல குடுத்த புகார் பொய்னு ஆயிடும். பொய்ப் புகாருக்குத் தனிப் பிரிவே இருக்கு, 217, 248-னு. அதை விடுங்க. நாளைக்கு அவர் மறுபடி கையை ஓங்கினா, நீங்க போய் நிக்கும்போது உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா வந்து நிக்கும். ஏ.ஆர். காப்பியில டாக்டர் எழுதினது வேற, நீங்க எழுதினது வேறன்னு கேப்பாங்க.”

இதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். மன்னிக்கலாம். சேர்ந்து வாழலாம். பிரிந்தும் வாழலாம். கேஸ் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அடித்தது உண்மை என்றால் அடிக்கவில்லை என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பத்திரத்திலும் போடாதீர்கள். யார் கொண்டுவந்தாலும் சரி, பெற்ற அப்பாவே கொண்டுவந்தாலும் சரி.

அதே போல் பொய்யாக எழுதிய வரியைத் திருத்தவும் வெட்கப்படாதீர்கள். என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி. அந்த நான்கு வரியால் இரண்டு மாதம் மகள் வீட்டில் ஒளிந்து கிடந்தார். வக்கீலம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அதை எப்படித் திருத்துவது என்று அவர்தான் வழி சொன்னார். நீங்களாக ஸ்டேஷனுக்கு ஓடிப் போய் “பொய் சொல்லிட்டேன்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள். எதைத் திருத்துகிறோம், எதை அப்படியே வைக்கிறோம் என்று வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாகப் பிரித்துக்கொண்டு போங்கள்.

விசாரணை அதிகாரியிடம் சொல்வது

குற்றப் பத்திரிகைக்கு முன்னால் இருக்கும்போது இதைச் செய்ய வாய்ப்பு இருக்கிறது. கூடுதல் வாக்குமூலம் கொடுக்க விரும்புகிறேன் என்று விசாரணை அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். என் மனுவில் மூன்று விஷயம்தான் இருந்தது. அன்று இரவு கணவர் தள்ளியதில் காயம் பட்டது உண்மை. மாமியாரும் நாத்தனாரும் நகை கேட்டார்கள் என்ற பகுதி நான் சொல்லி எழுதப்பட்டது இல்லை, படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன், அது உண்மை இல்லை. கணவர் மீதான வழக்கைத் தொடர எனக்கு விருப்பம் இல்லை, இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்வார். போலீசில் கொடுக்கும் வாக்குமூலத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அப்படி யாராவது தனியாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் அது என்ன என்று கேளுங்கள்.

இதோடு வழக்கு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முடிப்பதும் முடிக்காததும் அவர் முடிவு. காயச் சான்று இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லியிருக்கிறார் என்றால் நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர் குற்றப் பத்திரிகை போடலாம். மாமியார், நாத்தனார் பற்றி நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். கணவர் விஷயத்தில், “கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கங்கம்மா” என்று சொல்லிவிட்டார்கள். ஒருவேளை உங்கள் வழக்கில் போலீசே முடித்து அறிக்கை போட்டால் உங்களுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வரும். உங்களுக்குத் தெரியாமல் முடித்தார்கள் என்றால் அதை எதிர்த்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை. மாஜிஸ்திரேட் முன்னால் உங்களை நிறுத்திச் சத்தியம் வாங்கி வாக்குமூலம் எடுத்திருந்தால், பழைய சட்டத்தில் 164, இப்போது 183, கவனமாக இருங்கள். அங்கே ஒன்று சொல்லி அப்புறம் நேர் எதிராகச் சொல்வது பொய்ச் சாட்சியம் என்ற பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். என் வழக்கில் அப்படி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வக்கீல் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

அறுபது நாள் கணக்கு என்று ஒன்று சொல்வார்கள். மூன்று வருடம் வரை தண்டனை உள்ள இந்த மாதிரி வழக்கில், ஜெயிலில் இருக்கிறவருக்கு எதிராக 60 நாளுக்குள் குற்றப் பத்திரிகை வராவிட்டால் அவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும், அவ்வளவுதான். அறுபது நாள் தாண்டினால் கேஸ் காலாவதி என்று அதற்கு அர்த்தம் இல்லை. காத்திருந்தால் தானாகப் போய்விடும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஜாமீன் உத்தரவைப் படியுங்கள்

இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. போலீஸ் கொடுத்த நோட்டீசுக்கு வராமல் போனதால் கைதானவர் என் கணவர். பதினான்கு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது, தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சியைக் கலைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. அந்தச் சாட்சி நான்தான். அவரோ அவர் வீட்டாரோ என்னிடம் வந்து “கேஸை வாபஸ் வாங்கு” என்று பேசுவதே ஜாமீனை ரத்து செய்யக் காரணமாகலாம் என்று வக்கீலம்மா சொன்னார். நாம் அவருக்கு நல்லது செய்யப் போய், அவரை மறுபடி உள்ளே அனுப்பிவிடக் கூடாது. உத்தரவு நகலைப் பாருங்கள். சந்திக்கக் கூடாது என்று இருந்தால் சந்திக்காதீர்கள். பேச வேண்டியதை இரண்டு வக்கீல்களும் பேசட்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். “வாபஸ் வாங்கலேன்னா பிள்ளையைப் பார்க்க முடியாது” என்று எனக்கே ஒன்று வந்தது. அதை இன்னமும் வைத்திருக்கிறேன்.

அவருடைய வக்கீலே உங்களுக்கும் பார்த்துக்கொள்வார் என்று சொல்வார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கென்று தனி ஆள் வேண்டும்.

யாருக்காக வாபஸ் வாங்குகிறீர்கள்

என் வக்கீலம்மா முதல் நாளே கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. மகள் பத்தாம் வகுப்பு. கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்துக் கொண்டுவருகிற சம்பளம் இல்லாமல் வாடகை தள்ளாது. இவை காரணங்கள்தான். ஆனால் பயத்தில்தான் வாபஸ் வாங்குகிறேனா என்று ராத்திரி படுத்தால் தெரிந்தது. ஒருவரும் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் காலடிச் சத்தம் கேட்டால் வயிறு என்ன செய்கிறது? என் வயிறு இறுகியது. அப்படி இறுகிக்கொண்டிருக்கும் வரை கையெழுத்துப் போட வேண்டாம், அவசரம் இல்லை என்றார் அவர். நானும் காத்திருந்தேன். கணவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்ந்து, தொடர்ந்து இரண்டு மாதம் சீட்டில் தேதி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தேன்.

கழுத்தை நெரித்திருந்தால், கொன்றுவிடுவேன் என்று கத்தியைக் காட்டியிருந்தால், பிள்ளைகள் மேல் கை வைத்திருந்தால், தயவுசெய்து வாபஸ் பேச்சையே ஒதுக்கி வையுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ஆம் வருடச் சட்டம், கிரிமினல் கேஸ் இல்லாமலேயே உங்களுக்குப் பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் இருக்கிற உரிமையும் ஜீவனாம்சமும் வாங்கித் தரும். கேஸை விட்டாலும் இதை விடாதீர்கள். நான் விடவில்லை. பாதுகாப்பு உத்தரவு இன்னமும் என் பெயரில் இருக்கிறது.

சில வழக்குகளை நீங்கள் எத்தனை சமரசம் பேசினாலும் நீதிமன்றம் பொதுவாக ரத்து செய்யாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பாலியல் வன்கொடுமை, போக்சோ, கொலை முயற்சி போன்றவை சமூகத்துக்கே எதிரான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பள்ளி மாணவியிடம் ஆசிரியர் தவறாக நடந்த ஒரு ராஜஸ்தான் வழக்கில், பெண்ணின் அப்பாவோடு சமரசம் ஆனதை வைத்து உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது.

உயர் நீதிமன்றத்தில்

கணவன் மனைவி சமரசமானால் கணவன் கொடுமை வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலும், 2012-இல் கியான் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அதிகாரம் முன்பு 482, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528. குற்றப் பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணை நடக்கும்போதே சமரசம் வந்தால் நீதிமன்றம் இன்னும் தாராளமாகப் பார்க்கலாம் என்று 2014-இல் நரிந்தர் சிங் தீர்ப்பில் இருக்கிறது. நடுவில் குற்றப் பத்திரிகை போட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம், அதையும் சேர்த்து ரத்து கேட்கலாம்.

மனுப் போடுவது நாம் இல்லை, கணவர். மனுதாரர்களாக அவரும் மாமியாரும் நாத்தனாரும். முதல் எதிர்மனுதாரர் இன்ஸ்பெக்டர், இரண்டாவது நான். கணவருக்கு எதிராகப் புகார் கொடுத்தவளே எதிர்மனுதாரராக நின்று “ஆட்சேபணை இல்லை” என்று சொல்ல வேண்டும். இதற்காக என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சமரச மெமோ. அந்த மெமோவில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நாங்கள் ஏழு தடவை மாற்றினோம். தாய்மாமன் தரப்பில் “இனி எதிர்காலத்தில் எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்” என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதை எடுக்கச் சொன்னேன். இந்த வழக்குக்குத்தான் சமரசம், நாளைக்கு அடித்தால் அது புது வழக்கு. அடகு வைத்த என் ஐந்து பவுன் செயினை மீட்டுத் தருவது, சிகிச்சையைத் தொடர்வது, மகள் பெயரில் மாதம் இவ்வளவு என்று போடுவது, எல்லாவற்றையும் தேதியோடு எழுத வைத்தேன். செயின் என் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து.

எங்கள் மாவட்டம் மதுரைக் கிளையில் வரும். திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் ஆரப்பாளையம், அங்கிருந்து மாட்டுத்தாவணி, அப்புறம் ஒத்தக்கடைப் பக்கம். யானைமலை தெரிய ஆரம்பித்தால் இறங்கத் தயாராகிவிடலாம். அசல் ஆதாரை மறக்காதீர்கள், உள்ளே போகப் பாஸ் வாங்கவும் வேண்டும், கோர்ட்டில் காட்டவும் வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எங்கள் வழக்கு எண் அழைக்கப்பட்டபோது மதியம் ஆகிவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து இவர்தான் புகார்தாரர் என்று அடையாளம் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். “உங்க விருப்பத்துலதான் வந்திருக்கீங்களா அம்மா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?” அப்புறம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கையில அடிபட்டது உண்மையா?” என்றார். கோர்ட் அமைதியாக இருந்தது. கணவர் எனக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். “உண்மைதாங்கய்யா. ஆனா கேஸ் வேண்டாம்” என்றேன். அந்தத் தாய்மாமன் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். நீதிபதி அவர் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை கண்டிப்பாகச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டார். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

உத்தரவு வந்த பிறகு

ரத்து என்று சொல்லிவிட்டார்களே என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடக் கூடாது. உத்தரவு நகலை வாங்கி, ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போயிருக்கிற மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்தக் குற்ற எண் நிலுவையில் இருப்பதாகவே காட்டலாம். ஜாமீன் போட்டவர்களின் ஆவணங்கள் கோர்ட்டில் இருந்தால் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும். எங்களுக்கு ஜாமீன் போட்ட பட்டறை முதலாளி தன் வீட்டு வரி ரசீதுக்காக மூன்று தடவை கேட்டுவிட்டார்.

மார்கழி பிறந்து இரண்டாவது வாரம், அதே ரைட்டரிடம் போய் நகலைக் கொடுத்தேன். முத்திரை குத்தித் தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா இருங்கம்மா. ஆனா எதுவும்னா உடனே வந்துடணும்” என்றார். அந்த முத்திரைத் தாளும், ஏ.ஆர். காப்பியும், சிவப்புக் கோடு போட்ட அந்த இருபது ரூபாய்ப் பத்திரமும் என் அளவு நோட்டுக்குள் ஒரே உறையில் இருக்கின்றன. உறை எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.